ஒலியலையால் ஒட்டுண்ணிகளைப் பிரித்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தத்தில் மறைந்திருக்கும் நோய்க் கிருமிகளை, மருந்தோ சாயமோ சேர்க்காமல், ஒலியை மட்டும் கொண்டு ஓரிடத்தில் ஒதுக்கிச் சேர்க்க முடியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் கூப்பர், ஜூலியன் ரெபூ ஆகியோரின் குழு மலேரியாவை முன்வைத்து இதில் முக்கியமான வேலைகளைச் செய்திருக்கிறது. இயற்பியல் மாணவர்களும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களும் இதைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

ஒட்டுண்ணியை எதற்காகப் பிரிக்க வேண்டும்? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடாதா?

நிறைய இருந்தால் தெரிந்துவிடும். கொஞ்சமாக இருக்கும்போதுதான் சிக்கல்.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அதே மைக்ரோலிட்டரில் 50 மலேரியா ஒட்டுண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் சிவப்பணுக்களுக்கு ஒன்றுதான் தொற்றியது. தடித்த ஸ்மியரில், அதாவது ஸ்லைடில் தடிமனாகப் பரப்பிய இரத்தப் பூச்சில், 100 புலங்களை (மைக்ராஸ்கோப்பில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்த பிறகே ‘இல்லை’ என்று எழுத வேண்டும் என்பது விதி. அந்த 100 புலங்களையும் பார்த்து முடித்தாலும் டெக்னீஷியனின் கண்ணில் பட்டது ஏறத்தாழ கால் மைக்ரோலிட்டர் இரத்தம்தான். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியின் பெரும்பகுதி ஸ்லைடிலேயே பார்க்கப்படாமல் கிடக்கிறது.

மிகத் தேர்ந்த கண்ணுக்கு மைக்ரோலிட்டருக்கு பத்துக்கும் குறைவான ஒட்டுண்ணிகள்கூடத் தென்படும். ஆனால் கூட்டம் அலைமோதும் சாதாரண லேப்பில் நிலைமை வேறு. 50 முதல் 100 வரை இருந்தால்தான் நம்பிப் பிடிக்க முடியும். பட்டைச் சோதனைகள் என்று சொல்லப்படும் விரைவுச் சோதனைகளுக்கும் பொதுவாக 100 முதல் 200 வரை தேவை. அதற்குக் கீழே ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் காய்ச்சல்கூட இருக்காது. ஆனால் அவர்களைக் கடிக்கும் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். நோயை அடியோடு ஒழிக்க நினைக்கும் ஊர்களில் கடைசி வரை தொல்லை தருவது இந்தக் குறைந்த எண்ணிக்கைதான்.

ஆகவே, சோதனையைக் கூர்மையாக்குவது ஒரு வழி. சோதனைக்குப் போகும் துளியில் ஒட்டுண்ணியின் பங்கை முதலிலேயே நூறு மடங்கு கூட்டிவிடுவது இன்னொரு வழி. ஒலியலை முறை இந்த இரண்டாவது வேலைக்கானது. நோயை அது கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடிக்கும் சோதனைக்கு முன்னால் நின்று அதன் வேலையை எளிதாக்குகிறது. செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி காணாமல் போகிறது.

ஒலி எப்படி ஒரு பொருளை நகர்த்தும்? அலை வந்தால் பொருள் முன்னும் பின்னும் ஆடி அதே இடத்துக்குத்தானே வரும்?

நல்ல கேள்வி. முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அலையின் அழுத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, சராசரி சுழி. ஆனால் திரவத்தில் மிதக்கும் துகள் அந்த அலையைச் சிதறடிக்கிறது. துகளும் திரவமும் ஒரே மாதிரி அமுங்குவதில்லை, ஒரே மாதிரி அசைவதில்லை. அதனால் ஒவ்வொரு அதிர்விலும் மிகச் சிறிய ஒரு தள்ளல் மிச்சப்படுகிறது. நொடிக்கு இருபது லட்சம் முறை அதிரும் அலையில் அந்த மிச்சம் தொடர்ந்து ஒரே திசையில் செயல்பட்டு, துகளை நகர்த்திவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆகஸ்ட் குண்ட் 1866-லேயே கண்ணாடிக் குழாய்க்குள் தூவிய பொடி ஒலியால் சீரான இடைவெளிகளில் ஒதுங்குவதைக் காட்டினார். லூயி கிங் 1934-ல் இந்த விசைக்குக் கணக்கு எழுதினார். அமுங்காத துகள்களுக்கு மட்டுமே பொருந்திய அந்தக் கணக்கை, அமுங்கும் துகள்களுக்கு 1955-ல் ஜப்பானின் யோசியோக்காவும் கவாசிமாவும் விரித்தார்கள். 1962-ல் சோவியத் இயற்பியலாளர் கோர்கோவ் தந்த சூத்திரத்தைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். சிவப்பணு மாதிரி அமுங்கக்கூடிய மென்மையான பொருளுக்கு 1955-க்குப் பிந்தைய கணக்கே பொருந்தும்.

எல்லாத் துகளும் ஒரே பக்கம்தானே போகும்? பிரிவது எப்படி?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படித்தவர்களுக்கு மீயொலிக் குறுக்கீட்டுமானி நினைவிருக்கும். காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியைக் கொண்டு, திரவத்தில் ஒலியின் வேகத்தை அளக்கும் கருவி அது. குவார்ட்ஸ் படிகம் 2 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இருபது லட்சம் முறை, அதிரும். மேலே உள்ள தகட்டை மைக்ரோமீட்டர் திருகால் நகர்த்துவோம். மீட்டரின் முள் ஒவ்வொரு உச்சத்துக்குப் போகும்போதும் அளவு குறித்துக்கொள்வோம். தண்ணீராக இருந்தால் அடுத்தடுத்த இரண்டு உச்சங்களுக்கு இடையே ஏறத்தாழ 0.37 மில்லிமீட்டர். அது அரை அலைநீளம். அங்கே திரவத்துக்குள் உருவாவது நிலையலை: சில தளங்களில் அழுத்தம் மாறுவதே இல்லை (கணு), அவற்றுக்கு நடுவில் மிக அதிகமாக மாறும் (எதிர்க்கணு).

அந்தச் சோதனையின் முடிவில் திரவத்தின் அமுக்கத்தன்மையைக் கணக்கிட்டு ரெக்கார்டில் எழுதியிருப்பீர்கள். பிரித்தெடுக்கும் வித்தை முழுவதும் அந்த எண்ணையும் அடர்த்தியையும் நம்பித்தான் நிற்கிறது. திரவத்தைவிட அடர்த்தி மிகுந்த, எளிதில் அமுங்காத துகள் கணுவுக்குப் போகும். லேசான, எளிதில் அமுங்கும் துகள் எதிர்க்கணுவுக்குப் போகும். முறத்தில் புடைக்கும்போது மணி ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் போவது போல, ஒரே அசைவு இருவகைப் பொருளையும் இரு திசைக்கு அனுப்புகிறது.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாரெல் குழு இதை அழகாகச் செய்து காட்டியது. இதய அறுவையின்போது மார்புக்குள் சேரும் இரத்தத்தில் கொழுப்புத் துளிகள் கலந்திருக்கும். அதை அப்படியே திருப்பி ஏற்றினால் நுண்குழாய்களை அடைத்துவிடும். சிலிக்கானில் குடைந்த மெல்லிய கால்வாயின் அகலத்தைச் சரியாக அரை அலைநீளமாக வைத்து மீயொலி கொடுத்தார்கள். சிவப்பணுக்கள் நடுவில் கூடின, கொழுப்பு இரு ஓரங்களுக்கும் ஒதுங்கியது. கால்வாயின் முடிவை மூன்றாகப் பிளந்துவிட்டால் நடு வழியில் இரத்தமும் பக்கவழிகளில் கொழுப்பும் வெளியேறும். அத்தகைய கால்வாய்களின் வழக்கமான அகலம் 375 மைக்ரான். உங்கள் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் அதே 0.37 மில்லிமீட்டர்தான்.

கிளாஸ்கோ குழுவின் முறையும் இதேதானா?

அடிப்படை உறவு உண்டு, ஆனால் வழி வேறு. அவர்கள் பயன்படுத்துவது மேற்பரப்பு ஒலியலை. 1885-ல் ராலே பிரபு விவரித்த இந்த அலை, திடப்பொருளின் உடலுக்குள் போகாமல் அதன் தோலை ஒட்டியே ஓடும். நிலநடுக்கத்தின்போது தரையை உருட்டுவதும் இதே வகை அலைதான்.

லித்தியம் நியோபேட் என்ற படிகத்தின் மீது, இரு கைவிரல்களைக் கோத்தது போன்ற உலோகக் கோடுகளைப் படிய வைத்து மின்சாரம் கொடுத்தால், படிகம் அதிர்ந்து அலை பிறக்கும். கைப்பேசிக்குள் அலைவரிசைகளை வடிகட்டும் சிறு பாகங்களும் இந்த நுட்பத்தில் செய்யப்பட்டவையே. அந்த அலை ஓடும் பாதையில் ஒரு துளி திரவத்தை வைத்தால், படிகத்தில் நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் வந்தது தண்ணீரில் 1,500 மீட்டருக்குக் குறைய வேண்டியிருக்கிறது. அதனால் ஏறத்தாழ 22 பாகை சாய்வில் துளிக்குள் பாய்கிறது. அலை துளியின் நடுவில் படாமல் ஒரு பக்கமாகப் பட்டால் துளி முழுவதும் சுழலும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. லித்தியம் நியோபேட் விலை உயர்ந்தது. நோயாளியின் இரத்தம் பட்டதைத் தூக்கிப் போட வேண்டும், ஆனால் இதைத் தூக்கிப் போட மனம் வராது. எனவே படிகத்தின் மேல் ஒரு மெல்லிய திரவப் படலம் தடவி, அதன்மேல் மலிவான சிலிக்கான் தகடு ஒன்றை வைத்தார்கள். இரத்தம் தகட்டில், படிகம் அடியில் பத்திரமாக. தகட்டில் வரிசை வரிசையாகக் குழிகள் உண்டு. குழிகளின் இடைவெளியைப் பொறுத்து சில அதிர்வெண்கள் உள்ளே போகும், சில திரும்பிவிடும். ஆகவே அதிர்வெண்ணை மாற்றினால் போதும். ஒரே தகட்டில் துளியை ஒரு முறை சுழலவிடலாம், ஒரு முறை நகர்த்தலாம், இன்னொரு முறை இரத்த அணுக்களை உடைக்கலாம். வால்வு இல்லை, பம்ப் இல்லை. 2012-ல் வெளியான அவர்களது ஆய்வில், எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கெய்யை இரத்தத்தில் மரபணுச் சோதனை மூலம் கண்டறியும் வரையிலான படிகளை இப்படி ஒலியாலேயே நடத்தினார்கள்.

மலேரியா தொற்றிய சிவப்பணு மற்றதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒட்டுண்ணி உள்ளே புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. வளர வளர அந்த அணுவின் அடர்த்தி குறைகிறது. மலேரியா ஆய்வுக்கூடங்களில் முற்றிய ஒட்டுண்ணிகளைப் பிரிக்க, பெர்கால் என்ற திரவத்தை வெவ்வேறு அடர்த்தியில் அடுக்கிய அடுக்குகளையும், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜையும் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். கிளாஸ்கோ குழு 2014-ல் அந்தக் கருத்தை ஒரு துளிக்குள் கொண்டுவந்தது. திரவத்தின் அடர்த்தியை இருவகை அணுக்களுக்கும் இடைப்பட்டதாக அமைத்துவிட்டால் கனமானது தாழும், லேசானது மிதக்கும். ஒலி உண்டாக்கும் சுழலோட்டம் அந்தப் பிரிவை விரைவுபடுத்தி இரண்டையும் வெவ்வேறு இடங்களில் சேர்க்கிறது. சில நொடிகளில் தொற்றிய அணுக்களின் பங்கு நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை கூடியது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தொற்றிய அணு விறைத்துப்போகிறது என்பது உண்மை. அதனால்தான் மண்ணீரல் அதைப் பிடிக்கிறது. ஆனால் அந்த விறைப்பு அணுவின் சவ்வு வளையாமல் போவதைக் குறிக்கிறது. ஒலியலை கவனிக்கும் அமுக்கத்தன்மை என்பது பருமன் எவ்வளவு சுருங்குகிறது என்பது. இரண்டும் வேறு வேறு. ‘விறைப்பான அணுவை ஒலி பிரித்தெடுக்கிறது’ என்று எழுதுவது தவறு.

அப்படியானால் மலேரியாவுக்கு இது தீர்ந்த விஷயமா?

இல்லை. காரணம் ஒட்டுண்ணியின் தந்திரத்தில் இருக்கிறது. உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகையில், முற்றிய ஒட்டுண்ணியைச் சுமக்கும் அணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. விரலில் குத்தினால் வரும் இரத்தத்தில் பெரும்பாலும் இளம் வளைய நிலை ஒட்டுண்ணிகளே இருக்கும். அவற்றின் அடர்த்தி தொற்றாத அணுவின் அடர்த்தியிலிருந்து அதிகம் விலகுவதில்லை. எளிதாகப் பிரியக்கூடியது விரல் இரத்தத்துக்கு வருவதில்லை, வருவது எளிதாகப் பிரிவதில்லை. ஒலியலை என்றில்லை, அடர்த்தியை நம்பும் எந்த முறையும் இந்தச் சுவரில் முட்டத்தான் வேண்டும். ‘ஆயிரம் மடங்கு’ என்ற எண்ணைப் படிக்கும்போது, எந்தப் பருவத்து ஒட்டுண்ணியில் அது கிடைத்தது என்று கேட்டுப் பழகுங்கள்.

விவாக்ஸ் வகையில் எல்லாப் பருவங்களும் சுற்றோட்டத்தில் தென்படும். அதனால் நம் நாட்டில் பரவலாக இருக்கும் அந்த வகைக்கு இந்த முறை கூடுதலாகப் பொருந்தலாம் என்பது என் எண்ணம்.

சென்ட்ரிஃப்யூஜ் இருக்கும்போது இது எதற்கு?

மின்சாரமும் நல்ல சென்ட்ரிஃப்யூஜும் உள்ள லேப்புக்கு இது அவசரத் தேவை இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு 2017-ல் காட்டிய, நூலில் கோத்துக் கையால் இழுத்துச் சுழற்றும் காகித வட்டுகூட நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகளைத் தொட்டது. மலேரியா ஒட்டுண்ணியை இரத்தத்திலிருந்து 15 நிமிடத்தில் பிரித்தது. செலவு என்று பார்த்தால் அதை வெல்வது கடினம்.

ஒலியின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. சுழற்றி முடித்த பிறகு குழாயிலிருந்து அடுக்கை உறிஞ்சி, அடுத்த குழாயில் விட்டு, அணுவை உடைத்து, சூடாக்கி என்று கை மாறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கை மாற்றத்திலும் மாதிரி வீணாகும், அசுத்தம் சேரும். ஒலியில் துளி இருந்த இடத்திலேயே அத்தனையும் நடக்கும்.

ஒட்டுண்ணி செத்துவிடாதா?

அதிர்வெண்ணையும் சக்தியையும் பொறுத்தது. பல் மருத்துவர் கறை நீக்கும் கருவி சில பத்து கிலோஹெர்ட்ஸில் இயங்கி, திரவத்தில் குமிழிகளை உருவாக்கி வெடிக்க வைக்கிறது. மெகாஹெர்ட்ஸ் அளவில் மிதமான சக்தியில் அந்தக் குமிழிகள் எளிதில் உருவாவதில்லை, எனவே அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. ஆய்வகங்களில் அணுக்களை ஒற்றை வரிசையாக்க மீயொலியைப் பயன்படுத்தும் ‘அட்யூன்’ என்ற அணு எண்ணும் கருவி சந்தையிலேயே இருக்கிறது. மாறாக, சக்தியை வேண்டுமென்றே கூட்டினால் அதே துளியில் அணுக்கள் கிழிந்து மரபணு வெளியே வரும். சேர்க்கவும் உடைக்கவும் ஒரே கருவி.

எவ்வளவு சிறியதை நகர்த்த முடியும்?

துகளைத் தள்ளும் விசை அதன் பருமனோடு குறைகிறது. திரவத்தின் இழுவை ஆரத்தோடுதான் குறைகிறது. ஆரம் பாதியானால் நகரும் வேகம் கால் பங்கு. இதற்கிடையில் ஒலி திரவத்திலேயே சிறு சுழல்களை உண்டாக்குகிறது. 2 மெகாஹெர்ட்ஸில், ஒன்று இரண்டு மைக்ரானுக்குக் கீழே போனால் துகள் கணுவுக்குப் போகாமல் அந்தச் சுழல்களோடு சுற்றிக்கொண்டே இருக்கும். சிவப்பணு 7, 8 மைக்ரான், தொந்தரவில்லை. ஆனால் அதிலிருந்து வெளியே வந்து தனியாகத் திரியும் மலேரியாவின் மீரோசோயிட் ஒன்றரை மைக்ரான் அளவே. அது இந்த எல்லையில் நிற்கிறது.

ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு இது பயன்படுமா?

தேவை இருக்கும் இடம் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். 2018 முதல் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,000-க்கும் குறைவான நோயாளிகளே பதிவாகிறார்கள். நோய் அருகிவிட்டது, ஆகவே மிச்சமிருப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. இந்த நோயின் காம்பியென்சே என்ற வகையில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு நூறு கிருமிகள்கூட இல்லாமல் போகலாம். மலேரியாவில் நாம் பேசிய எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு என்பதைக் கவனியுங்கள்.

இன்று களத்தில் பயன்படுவது, 1970-ல் லான்ஹாமும் காட்ஃப்ரேயும் விவரித்த முறையின் சிறு வடிவம். எதிர்மின்னூட்டம் மிகுந்த இரத்த அணுக்களை ஒரு பிசின் நிரல் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்த நோயின் கிருமியான டிரிபனோசோம் நழுவி வெளியே வரும். நல்ல முறைதான், ஆனால் நிரலைத் தயாரித்து அனுப்ப வேண்டும், பயிற்சி வேண்டும். ஒலிக்கு இங்கே உள்ள இடையூறு கிருமியின் வடிவம். 20 முதல் 30 மைக்ரான் நீளத்தில், ஒல்லியாக, நெளிந்து நீந்தும் உயிர் அது. கோள வடிவத் துகளுக்கு எழுதிய சூத்திரம் அதற்கு அப்படியே பொருந்தாது.

யானைக்கால் நோய்க்கு?

தேவையில்லை. இரவில் இரத்தம் எடுக்க வருபவர்களைத் தமிழகத்தில் பல ஊர்கள் அறியும். அந்த இரத்தத்தில் தேடுவது, யானைக்கால் புழுவின் குஞ்சான, ஏறத்தாழ 250 மைக்ரான் நீளமுள்ள மைக்ரோஃபைலேரியாவை. சில மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வு வடிகட்டியில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தை விட்டாலே அது தங்கிவிடும். எளிய சல்லடை செய்யும் வேலைக்குப் படிகம் வேண்டாம்.

குடிநீரில் உள்ள கிருமிகளுக்கு?

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு குளோரின் போதாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதனால் நோயுற்றார்கள். அதன் முட்டை போன்ற உறை 4 முதல் 6 மைக்ரான். ஒலிக்கு வசதியான அளவு. ஆனால் தண்ணீர்ச் சோதனையில் பத்து லிட்டர் நீரிலிருந்து தேட வேண்டும். நுண்கால்வாய் நிமிடத்துக்குச் சில நூறு மைக்ரோலிட்டரைத்தான் கையாளும். வடிகட்டிகள் பத்து லிட்டரைச் சில மில்லிலிட்டராகச் சுருக்கிய பிறகு, அந்தக் கடைசிச் சேற்று நீரில் கிருமியைக் குப்பையிலிருந்து பிரிக்க ஒலி உதவலாம்.

இரத்தத்தை வெளியே எடுக்காமல், உடலுக்குள்ளேயே ஒட்டுண்ணிகளை ஒதுக்க முடியுமா?

முடியாது. ஒலி இங்கே வேலை செய்வது, அகலம் அலைநீளத்துக்கு ஏற்ப வெட்டப்பட்ட கால்வாயிலோ அசையாமல் இருக்கும் துளியிலோதான். துடித்து ஓடும் இரத்தக் குழாயில் அந்த ஒழுங்கு கிடையாது. ஸ்கேன் எடுத்தால் கிருமி நகர்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

இன்று எந்த லேப்பிலாவது இந்தச் சோதனை கிடைக்குமா?

காய்ச்சலோடு போகும் நோயாளிக்குக் கிடைக்காது. ஸ்மியரும் பட்டைச் சோதனையுமே இன்றும் சரியான வழி. முதல் ஸ்மியரில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வது, மேலே சொன்ன கால் மைக்ரோலிட்டர் கணக்கினால்தான்.

கிளாஸ்கோ குழுவின் அடுத்த அடியும் கவனிக்கத்தக்கது. உகாண்டாவின் கிராமப் பள்ளிகளுக்கு மலேரியா மரபணுச் சோதனையை அவர்கள் எடுத்துச் சென்றபோது கொண்டுபோனது ஒலிப் படிகத்தை அல்ல, மடித்த காகிதத்தை. 2019-ல் வெளியான அந்த முடிவில், காகிதச் சோதனை தொற்றியவர்களில் 98 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. அங்கேயே செய்த மைக்ராஸ்கோப் சோதனை 86 சதவீதம் பேரை. ஒலி தோற்றது என்று நான் இதைப் படிக்கவில்லை. காகிதத்துக்கு மின் அலையை உண்டாக்கும் கருவியும் அதைப் பெருக்கும் கருவியும் தேவையில்லை. ஒலிக்கு இன்னும் தேவை. அந்த மின்பெட்டி மலிவாகி, பேட்டரியில் ஓடி, வெயிலிலும் தூசியிலும் தாக்குப்பிடிக்கும் வரை இது ஆய்வகக் கருவியாகவே இருக்கும்.

இதைப் படிக்க விரும்பும் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பி.எஸ்சி. இயற்பியலின் ஒலியியலும் பாய்ம இயக்கவியலும் அடித்தளம். கல்லூரியில் மீயொலிக் குறுக்கீட்டுமானி இருந்தால், துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, அதே 2 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் மேல் பக்கவாட்டில் பார்க்க வசதியான சிறு கண்ணாடிக் கலத்தை வைத்து, மேலே பிரதிபலிக்கும் தகடு பொருத்தி, நீரில் கரைத்த ஈஸ்டை விட்டுப் பாருங்கள். ஈஸ்ட் செல் சுமார் 5 மைக்ரான். பாதுகாப்பானது, கடையில் கிடைக்கும். தகட்டின் உயரம் சரியாக அமைந்தால், கலங்கலாக இருந்த நீரில் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக மெல்லிய வெண்பட்டைகள் எழும். பட்டைகளின் இடைவெளியை அளந்து, மைக்ரோமீட்டர் காட்டிய எண்ணோடு ஒப்பிடுங்கள். அதன்பிறகு கோர்கோவின் சூத்திரத்தைப் படித்தால் அதில் உள்ள ஒவ்வொரு குறியும் எதைக் குறிக்கிறது என்பது விளங்கும்.